சிறுநீரக மாற்றுக்குப் பின் மூளையுறையில் பங்கசுத் தொற்று: டக்ரோலிமஸைக் குறைத்தது சரியா?

தெஹிவளைத் தங்கை:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணாவுக்குச் சில வருடங்களுக்கு முன் கொழும்பில் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அம்மா. அண்மையில் அண்ணாவுக்கு வாரக்கணக்கில் தலைவலியும் விட்டுவிட்டுக் காய்ச்சலும் இருந்தன. பீனிசம் என்று எண்ணி அதற்கே மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வாந்தியும் பேச்சில் தடுமாற்றமும் சேர்ந்த பின்னர் வைத்தியசாலையில் அனுமதித்து, முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பார்த்தபோது கிரிப்டோகொக்கசு என்னும் பங்கசு மூளையுறையைத் தாக்கியிருப்பது தெரியவந்தது. நாளம் வழியாக ஏற்றிய அம்போட்டெரிசின் என்ற பங்கசு மருந்து இப்போது முடிந்துவிட்டது. இனிப் புளுக்கனசோல் மாத்திரை என்கிறார்கள்.

எங்கள் குழப்பம் இதுதான். புளுக்கனசோலைத் தொடங்கும்போதே, உடல் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸின் அளவைக் குறைத்துவிட்டார்கள். அதே நோக்கத்துக்கான இன்னொரு மருந்தாகிய மைக்கோபீனலேட்டை அதற்கு முன்னரே நிறுத்தியிருந்தார்கள். உடல் சிறுநீரகத்தை நிராகரித்துவிடுமோ என்று அம்மா இரவில் உறங்குவதில்லை. புளுக்கனசோல் மாத்திரையை ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. தலைவலி போய்விட்டதே, பின் ஏன் இவ்வளவு காலம் என்று மாமா கேட்கிறார். விபரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்கவும்.

பழைய நோயாளி:

சகோதரி, முதலில் ஒன்று. எந்த மாத்திரையையும் வீட்டில் யாரும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மாமாவிடமும் இதை உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நானும் சிறுநீரகம் பெற்றவன். எனக்கு வந்தது நுரையீரலில் அஸ்பெர்ஜிலசு என்ற வேறொரு பங்கசு. அதற்கு வோரிகொனசோல் தந்தார்கள், டக்ரோலிமஸையும் குறைத்தார்கள். குறைத்த காலத்தில் எனக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. தொல்லை வந்தது வோரிகொனசோல் முடிந்த பிறகு. அப்போது நான் வேறோர் ஊரிலுள்ள கிளினிக்குக்கு மாற்றப்பட்டிருந்தேன். பங்கசு மருந்தை நிறுத்தினார்கள், ஆனால் டக்ரோலிமஸ் குறைத்த அளவிலேயே தொடர்ந்தது. சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஏறி, சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதைத்துண்டு எடுத்துப் பார்த்தபோது நிராகரிப்புத் தொடங்கியிருந்தது. நாளம் வழியான ஸ்டீரொயிட் கொடுத்து அதை அடக்கினார்கள். சிறுநீரகம் காப்பாற்றப்பட்டாலும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. ஆகவே அண்ணாவுக்கு மருந்து தொடங்கும் நாளை மட்டுமல்ல, அது முடியும் நாளையும் இப்போதே கிளினிக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகப் பிரிவு வைத்தியர்:

தனிப்பட்ட ஒருவருக்கு இங்கிருந்து மருந்தளவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காரணங்களை மட்டும் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் காரணம் விளங்காத குடும்பங்களிலேயே மருந்து நடுவழியில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

சகோதரி ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கும் இரண்டு மாற்றங்களும் வெவ்வேறு நோக்கம் கொண்டவை. டக்ரோலிமஸை நம் உடலில் சிதைப்பது ஈரலிலும் குடற்சுவரிலும் உள்ள ஒரு நொதியம். சி.வை.பி. 3ஏ4 என்பது அதன் பெயர். புளுக்கனசோல், வோரிகொனசோல், பொசகொனசோல் முதலான அசோல் வகை மருந்துகள் அந்த நொதியத்தைத் தடுக்கின்றன. தடுத்தால் டக்ரோலிமஸ் சிதையாமல் இரத்தத்தில் தேங்குகிறது. பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால் கை நடுக்கம், பொற்றாசியம் ஏறுதல், சீனி ஏறுதல், இவற்றோடு எந்தச் சிறுநீரகத்தைக் காக்க அம்மருந்து தரப்படுகிறதோ அதே சிறுநீரகத்தின் பாதிப்பும் வந்து சேரும். ஆகவே மாத்திரையின் எண்ணிக்கை குறைந்தாலும் இரத்தத்திலுள்ள அளவு ஏறத்தாழ முன்னைய இலக்கிலேயே நிற்கிறது. சிறுநீரகத்துக்கான பாதுகாப்பு அதனால் குறைவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மைக்கோபீனலேட்டை நிறுத்தியதோ உண்மையிலேயே நிர்ப்பீடன அடக்கத்தைக் குறைப்பதற்காகத்தான். பங்கசை மருந்து மட்டும் அழிப்பதில்லை, உடலின் சொந்தக் காவலும் ஓரளவு எழுந்து நிற்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் இரண்டு ஆபத்துகள் வருகின்றன. ஒன்று நிராகரிப்பு. மற்றையது, திடீரென விழித்த நிர்ப்பீடனத் தொகுதி, செத்துக்கொண்டிருக்கும் பங்கசின் எச்சங்கள் மீது பாய்ந்து ஏற்படுத்தும் அழற்சி. கிரிப்டோகொக்கசில் இது நன்கு அறியப்பட்டது. சில வாரங்கள் கழித்துத் தலைவலி மீண்டும் வரும், வளர்ப்புப் பரிசோதனையில் பங்கசு இராது. மருந்து தோற்றுவிட்டது என்று தவறாக எண்ணி இன்னும் கடுமையான மருந்துக்கு ஓடுவது அப்போது நடக்கக்கூடியது. எனவேதான் ஒரு மருந்தை நிறுத்தி, ஒன்றை இலக்கில் வைத்து, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டைச் சிறிய அளவில் தொடர்ந்து, படிப்படியாகப் போகிறார்கள்.

சிகிச்சைக் காலத்தைப் பற்றி. கிரிப்டோகொக்கசு மூளையுறை அழற்சிக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் அம்போட்டெரிசினும் புளூசைட்டசீன் என்ற இன்னொரு பங்கசு மருந்தும் குறைந்தது 2 வாரம். இரண்டாம் கட்டத்தில் புளுக்கனசோல் நாளொன்றுக்கு 400 முதல் 800 மில்லிகிராம் வரை, 8 வாரம். அதன் பின் 200 முதல் 400 மில்லிகிராம் வரை, 6 முதல் 12 மாதம். புளுக்கனசோல் சிறுநீரின் வழியே வெளியேறும் மருந்தாகையால் சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப இந்த எண்கள் மாறும். புளூசைட்டசீன் கிடைக்காத இடத்தில் முதற்கட்டம் 4 முதல் 6 வாரம் வரை நீளலாம். தலைவலி நீங்குவது பங்கசின் தொகை குறைந்ததற்கும் மண்டையோட்டுக்குள் அழுத்தம் இறங்கியதற்கும் அடையாளம். பங்கசு முற்றாக ஒழிந்துவிட்டது என்று அதைக் கொள்ள முடியாது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து வாழ்நாள் முழுதும் தொடரும் ஒருவரிடம் எஞ்சிய சில கலங்களும் மீண்டும் பெருகும்.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். முள்ளந்தண்டில் மீண்டும் மீண்டும் ஊசி போடுவதைக் கண்டு உறவினர்கள் பயந்து, கையொப்பம் இட மறுப்பதுண்டு. இந்தப் பங்கசின் தடித்த உறைப்பொருள் முள்ளந்தண்டு நீர் வடியும் வழிகளை அடைத்துவிடுகிறது. ஊசியை இட்டதும் அளக்கும் அழுத்தம் 25 சென்ரிமீற்றர் நீரளவுக்கு மேல் இருந்து நோயாளிக்கு அறிகுறிகளும் இருந்தால், நீரை வடித்து அழுத்தத்தை இறக்க வேண்டும். தேவையானால் நாள்தோறும் அதைச் செய்ய வேண்டும். பார்வையையும் உயிரையும் காப்பதில் இந்த ஊசிக்கு மருந்துக்குச் சமமான பங்கு உண்டு.

கொட்டாஞ்சேனை:

வைத்தியர் அவர்களுக்கு நன்றி. ஆனால் எனக்கொரு மாற்றுக் கருத்து உண்டு. புளுக்கனசோல் பழைய மருந்து, சாதாரணத் தோல் நோய்களுக்கும் கொடுப்பது. வோரிகொனசோல், கஸ்பொபங்கின் போன்ற புதிய, விலை கூடிய மருந்துகள் இருக்கும்போது இத்தகைய கடும் நோய்க்கு ஏன் பழையதைத் தருகிறார்கள்? அரச வைத்தியசாலை என்பதால் செலவைக் குறைக்கிறார்களோ என்ற சந்தேகம் எழுவது இயற்கை.

மருந்தாளர், வெள்ளவத்தை:

ஐயா, சந்தேகம் எழுவதில் தவறில்லை. ஆனால் பங்கசு மருந்துகளைப் பலமானது, பலவீனமானது என்று ஒரே ஏணியில் அடுக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பூட்டுக்குரிய திறப்பு. நீங்கள் சொன்ன கஸ்பொபங்கின், கன்டிடா என்னும் பங்கசு இரத்தத்தில் கலந்த நோயாளிக்கு முதல் தெரிவு. அதே மருந்து கிரிப்டோகொக்கசிடம் வேலை செய்யாது. வோரிகொனசோல் அஸ்பெர்ஜிலசுக்கு முதன்மையான மருந்து, மியூக்கோர் வகைப் பங்கசுகளை அது தொடாது. புளுக்கனசோல் கிரிப்டோகொக்கசையும் பெரும்பாலான கன்டிடாக்களையும் அடக்கும், இழைப்பங்கசுகளிடம் பயனற்றது. பலரும் அஞ்சும் அம்போட்டெரிசின்கூட நியூமோசிஸ்டிஸ் என்னும் நுரையீரல் பங்கசிடம் தோற்றுப்போகும். அம்மருந்து பற்றிக்கொள்ளும் எர்கொஸ்டெரோல் என்ற கொழுப்பு அந்தப் பங்கசின் கலமென்சவ்வில் இல்லை. அதற்குக் கோ-டிரைமொக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரைதான் மருந்து. மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் 6 முதல் 12 மாதம் அதைத் தடுப்பாகக் கொடுப்பதும் அதனாலேயே. ஆகவே அண்ணாவின் விடயத்தில் புளுக்கனசோல் சிக்கனத்துக்காகத் தெரிவானதல்ல. அது மூளைக்குள் நன்றாகப் புகும், வாயால் எடுத்தாலும் ஏறத்தாழ முழுமையாக உறிஞ்சப்படும்.

விலை உண்மையிலேயே வேறுபாட்டை உண்டாக்கும் இடம் அம்போட்டெரிசின். பழைய வடிவம் சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கும். கொழுப்புக் குமிழிக்குள் பொதிந்த லிப்போசோம் வடிவத்தில் அத்தாக்கம் குறைவு, ஆனால் விலை பன்மடங்கு. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு லிப்போசோம் வடிவமே பரிந்துரைக்கப்படுகிறது. எந்த வடிவமாயினும் பொற்றாசியத்தையும் மகனீசியத்தையும் அடிக்கடி பார்த்து ஈடுசெய்ய வேண்டும். குடும்பத்தினர் கேட்பதானால் இதைக் கேளுங்கள். அது நியாயமான கேள்வி, விடுதியில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சகோதரிக்கு எங்கள் மேசையிலிருந்து சில விடயங்கள். அண்ணா வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதை முழுமையாக எழுதிக் கொண்டுபோங்கள். கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டட்டின் அசோல் மருந்துகளோடு சேர்ந்தால் தசைகள் சிதையலாம். வாந்திக்கு வாங்கும் டொம்பெரிடோன், நெஞ்சுச்சளிக்கு எழுதும் கிளரித்ரோமைசின் ஆகியவை புளுக்கனசோலோடு சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். கிளரித்ரோமைசின் டக்ரோலிமஸையும் ஏற்றிவிடும். காசநோய்க்கான றிபாம்பிசின் இதற்கு நேர்மாறானது. அது நொதியத்தைத் தூண்டி, பங்கசு மருந்தையும் டக்ரோலிமஸையும் ஒருசேரத் தாழ்த்திவிடும். நம் நாட்டில் நீண்ட காய்ச்சலுக்குக் காசநோய்ச் சிகிச்சை தொடங்குவது அரிதல்ல என்பதால் இதை வலியுறுத்துகிறேன். டக்ரோலிமஸின் தயாரிப்பு நிறுவனம் மாறினாலும் வைத்தியருக்கு அறிவியுங்கள். 2022இன் தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வாங்கிய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது.

பழைய நோயாளி:

மருந்தாளர் அம்மையார் சொன்னதோடு ஒன்று. டக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் குடித்துவிட்டுப் போக வேண்டாம். இரத்தம் எடுத்த பின் குடிப்பதற்காகக் கையில் கொண்டு போங்கள். குடித்துவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதைப் பார்த்து மருந்தை மேலும் குறைத்துவிட்டால் வீண் சிக்கல்.

நுண்ணுயிர் ஆய்வுகூடம்:

ஆய்வுகூடத்தில் பணிபுரிபவள் என்ற முறையில் சில வார்த்தைகள். பீனிசம் என்று தொடங்கி வாரக்கணக்கில் போனதாகச் சகோதரி எழுதியிருக்கிறார். இது மிகவும் வழமையான கதை. நிர்ப்பீடனம் அடங்கிய உடலில் காய்ச்சல் உரக்கப் பேசாது, கழுத்து விறைப்புக்கூட இல்லாமல் போகலாம். மாற்று உறுப்புப் பெற்றவருக்குத் தலைவலி நீடித்தால் கிரிப்டோகொக்கசு அன்ரிஜன், அதாவது பங்கசின் உறைப்பொருளைக் கண்டறியும் பரிசோதனையை நினைவூட்டுங்கள். இரத்தத்திலும் முள்ளந்தண்டு நீரிலும் செய்யலாம், பட்டி வடிவப் பரிசோதனையானால் சில நிமிடங்களில் விடை தெரியும். இந்திய மை இட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது இன்னும் பயனுள்ளதே, எனினும் பங்கசின் தொகை குறைவாக இருந்தால் அதில் தவறிப்போகும்.

சிகிச்சை நடக்கும்போது அன்ரிஜன் பரிசோதனை மாதக்கணக்கில் நேர்மறையாகவே (பொசிட்டிவ்) இருக்கலாம். அதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்க வேண்டாம். பங்கசு உயிரோடு இருக்கிறதா என்பதை வளர்ப்புப் பரிசோதனைதான் சொல்லும்.

இதை வாசிக்கும் இளம் வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தேகமான இடத்திலிருந்து எடுத்த சதைத்துண்டு முழுவதையும் போர்மலினில் போட்டு அனுப்பாதீர்கள். போர்மலினில் பங்கசு செத்துவிடும், அதன் பின் அதை வளர்க்க முடியாது. ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய சேலைனில் இட்டு அனுப்புங்கள். மியூக்கோர் சந்தேகம் இருந்தால் படிவத்தில் அதை எழுதுங்கள். அவ்வகை இழைகள் அரைத்தால் உடைந்து வளராமல் போகும் என்பதால் நாங்கள் துண்டை அரைக்காமல் வைப்போம். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசுகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு, கடினமான மாதிரிகளை அங்கு அனுப்பிவைக்கலாம். அஸ்பெர்ஜிலசுக்கான கலக்டோமனன் பரிசோதனையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சிறுநீரகம், ஈரல் மாற்றுப் பெற்றவர்களில் இரத்தத்தில் அது பல தடவை தவறவிடும். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் செய்தாலே நம்பத் தகுந்தது.

வத்தளை மகன்:

இந்த இழையில் இதைக் கேட்கலாமா தெரியவில்லை. அப்பாவுக்கும் சிறுநீரக மாற்று நடந்தது. அதன் பின்னர் சலரோகம் வந்தது. இப்போது ஒரு பக்கக் கன்னத்தில் வலி, மூக்கிலிருந்து கறுத்த நீர், கண் சற்று வீங்கியிருக்கிறது. 2021இல் இந்தியச் செய்திகளில் வந்த கருப்புப் பூஞ்சை இதுவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை கிளினிக் இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?

சிறுநீரகப் பிரிவு வைத்தியர்:

காத்திருக்க வேண்டாம். இதை வாசித்தவுடன் காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். மாற்று உறுப்புப் பெற்றவர் என்பதையும் சலரோகம் உண்டு என்பதையும் வாசலிலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் கருப்புப் பூஞ்சை, அதாவது மியூக்கோர், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அது மணித்தியாலக் கணக்கில் பரவும், இரத்தக் குழாய்களுக்குள் வளர்ந்து அவற்றை அடைத்து இழையத்தைச் சாகடிக்கும். செத்த இழையத்துக்குள் இரத்தம் போகாது, ஆகவே மருந்தும் போகாது. அதனாலேயே அதை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சை இந்நோய்க்கு இன்றியமையாதது. மருந்து லிப்போசோம் அம்போட்டெரிசின், உடல்நிறை கிலோவுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், முதல் நாளிலிருந்தே முழு அளவில். சீனியையும் அதே நாளில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரும்பை வெளியேற்றும் டெபரொக்சமின் ஊசி எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள், அம்மருந்து இந்தப் பங்கசுக்கு இரும்பை ஊட்டிவிடுகிறது.

கொட்டாஞ்சேனை:

மருந்துகளைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். வேறொரு கேள்வி. இவ்வளவு ஆபத்தான தொற்று வந்தால் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்தி, சிறுநீரகம் போனால் போகட்டும், உயிரைக் காப்போம் என்று ஏன் முடிவெடுப்பதில்லை?

சிறுநீரகப் பிரிவு வைத்தியர்:

எடுப்பதுண்டு. பரவிய மியூக்கோரிலோ கட்டுக்கடங்காத அஸ்பெர்ஜிலசிலோ அந்த முடிவுக்கு வரவேண்டிய நிலை வரும். சிறுநீரகம் பெற்றவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு என்ற பின்வாசல் இருப்பதால் அம்முடிவு சாத்தியமாகிறது. ஈரலோ இதயமோ பெற்றவருக்கு அந்த வாசல் இல்லை, அங்கே உறுப்பை இழப்பதும் உயிரை இழப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் மருந்துக்கு இணங்கி வரும் தொற்றில், தாய் கொடுத்த சிறுநீரகத்தை முன்கூட்டியே கைவிடுவது என் கருத்தில் நியாயமல்ல. சிறுநீரகம் இயங்காமல் போனால் அம்போட்டெரிசினின் பக்கவிளைவுகளையும் புளூசைட்டசீனின் அளவையும் சமாளிப்பதே பெரும்பாடாகிவிடும். அந்தச் சிறுநீரகம் இந்தச் சிகிச்சைக்கும் தேவைப்படும் உறுப்பு.

தெஹிவளைத் தங்கை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வைத்தியர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாத்திரை குறைந்தாலும் இரத்தத்தில் அளவு குறையவில்லை என்பதை இரண்டு தடவை திரும்பக் கேட்டார். இன்று கிடைத்த அறிக்கையிலும் டக்ரோலிமஸ் இலக்குக்குள்ளேயே இருக்கிறது, கிரியாட்டினினும் ஏறவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். எங்கள் மாடிவீட்டுப் பல்கனியில் புறாக்கள் கூடு கட்டியிருக்கின்றன. நோய்க்கு அவை காரணமா? மற்றது, பழைய நோயாளி ஐயா சொன்ன அந்த முடிவு நாளில் சரியாக என்ன செய்ய வேண்டும்?

நுண்ணுயிர் ஆய்வுகூடம்:

புறா எச்சத்தில் இந்தப் பங்கசு வாழ்வது உண்மை. ஆயினும் எப்போதோ மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் உறங்கிக் கிடந்தது, மருந்துகளால் காவல் தளர்ந்தபின் எழுவதே பெரும்பாலும் நடப்பது. எனவே புறாக்கள் மீது பழி போடுவது கடினம். ஆனாலும் அப்புறப்படுத்துங்கள். அண்ணா வீட்டில் இல்லாத நேரத்தில், எச்சத்தை முதலில் நீரால் நன்றாக நனைத்து, முகக்கவசம் அணிந்த வேறொருவர் அகற்ற வேண்டும். காய்ந்ததைப் பெருக்கினால் தூசி எழும்.

சிறுநீரகப் பிரிவு வைத்தியர்:

முடிவு நாளைப் பற்றி. புளுக்கனசோலின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஏறத்தாழ 30 மணித்தியாலம், சிறுநீரகம் மந்தமானால் அதற்கும் கூட. ஆகவே கடைசி மாத்திரையோடு அதன் தடை மறைந்துவிடாது, சில நாட்களில் மெல்ல விலகும். விலக விலக நொதியம் விழித்து டக்ரோலிமஸைப் பழைய வேகத்தில் சிதைக்கத் தொடங்கும். முன்கூட்டியே முழு அளவுக்கு ஏற்றினால் நச்சாகும், ஏற்றாமல் விட்டால் நிராகரிப்பு வரும். எனவே நிறுத்திய முதல் வாரத்திலேயே இரத்தத்தில் அளவு பார்த்து, பின்னர் அது நிலைபெறும் வரை மீண்டும் மீண்டும் பார்த்து, அதற்கேற்ப மாத்திரையை ஏற்ற வேண்டும். இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறி, புளுக்கனசோலின் அளவு குறையும் நாளிலும் இதே கணக்கு, சற்றுச் சிறிய அளவில், உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளினிக் கொப்பியில் அந்த இரண்டு திகதிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டக்ரோலிமஸ், கிரியாட்டினின் பரிசோதனைக்கான நாட்களையும் குறித்துத் தரும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

வத்தளை மகன்:

அப்பாவை நேற்றிரவே சேர்த்துவிட்டோம். மூக்கினுள் குழாய் விட்டுப் பார்த்துச் சதைத்துண்டு எடுத்திருக்கிறார்கள். முடிவு வருவதற்கு முன்பே அம்போட்டெரிசின் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பகுதி சேலைனில் போகிறதா என்று கேட்டேன். ஆம் என்றார்கள்.